எந்த ஃபோல்டர் என்று முதலில் கேளுங்கள்

"விண்டோஸை அப்கிரேடு பண்ணினதிலிருந்து ஃபோல்டரைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று யாராவது வாய் திறந்தால் போதும், சுற்றி இருக்கிறவர்கள் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். ஃபார்மட் பண்ணு. எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேக டிஸ்க்) போடு. ராம் பத்தலை. எந்த ஃபோல்டர், எல்லாமேவா அல்லது ஒன்றிரண்டா, முதல் தடவை மட்டும் தாமதமா அல்லது ஒவ்வொரு தடவையுமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பாதி விடை இந்தக் கேள்விகளிலேயே இருக்கிறது. ஃபார்மட் பண்ணினால் பல சமயம் வேகம் வரத்தான் செய்யும். ஆனால் என்ன கோளாறு என்று தெரியாமலே போய்விடும். கொஞ்ச நாளில் அதே கோளாறு திரும்ப வந்து உட்காரும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டி 11-க்கு மாறியவர்கள் ஏராளம். இந்தப் புலம்பலும் அதனால்தான் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது.

அப்கிரேடு முடிந்த கையோடு வேகத்தை அளக்க வேண்டாம். பின்னணியில் தேடலுக்கான இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கலாம், வைரஸ் தடுப்பு மென்பொருள் மறுபடி எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருக்கலாம், புகைப்படங்களின் தம்ப்நெயில்கள் என்கிற குட்டிப் படங்கள் மறுபடி உருவாகிக்கொண்டிருக்கலாம். கணினி என்ன வேலையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், சார்ஜரைச் செருகி ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் மாறவில்லை என்றால்தான் அது உங்கள் கணினியின் பிரச்சினை.

அப்புறம் நான் செய்யச் சொல்வது ஒரே ஒரு சோதனை. கணினியை ரீஸ்டார்ட் செய்து, தொல்லை தரும் ஃபோல்டரைத் திறக்காமல், கமாண்ட் பிராம்ப்ட் என்கிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறங்கள். டி, ஐ, ஆர் என்ற மூன்றெழுத்துக் கட்டளையை அடித்து ஓர் இடம் விட்டு, அந்த ஃபோல்டரை மௌஸால் இழுத்து ஜன்னலுக்குள் போட்டால் அதன் முழு முகவரியும் தானாக வந்து நிற்கும். என்டர் தட்டுங்கள். ரீஸ்டார்ட் ஏன் என்றால், ஒருமுறை படித்த பட்டியல் நினைவகத்தில் தங்கிவிடும். இரண்டாம் தடவை எல்லாமே வேகமாகத்தான் தெரியும்.

பட்டியல் மளமளவென்று ஓடி முடிந்துவிட்டதா? அப்படியானால் டிஸ்க் பெரும்பாலும் நலம். அதே ஃபோல்டரை இப்போது சாதாரணமாகத் திறந்து பாருங்கள். ஜன்னல் வந்தும் பட்டியல் வராமல் நின்று மூச்சு வாங்கும். இழுத்தடிப்பது எக்ஸ்ப்ளோரர், அதாவது ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் விண்டோஸின் மென்பொருள்.

ஏன் இந்த வித்தியாசம்? கோப்பின் பெயர், அளவு, தேதி மூன்றும் ஃபோல்டரின் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கறுப்பு ஜன்னல் அதை மட்டும் படித்துக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் படம் எப்போது எடுத்தது, வீடியோ எத்தனை நிமிடம், பாட்டைப் பாடியது யார் என்பதெல்லாம் கோப்புகளுக்கு உள்ளே இருக்கும் தகவல். அதைக் காட்ட வேண்டும் என்றால் ஒவ்வொரு கோப்பையும் திறந்தாக வேண்டும். வருகைப் பதிவேட்டை வாசிக்கச் சொன்னால், ஒவ்வொரு மாணவனையும் எழுப்பி உயரம் அளக்கிற வாத்தியார் மாதிரிதான் எக்ஸ்ப்ளோரர். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைத் தேடிப் போய்ப் படிக்கச் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். 3000 கோப்புகள் என்றால், கோப்புக்கு ஒரு தடவை என்று வைத்தாலே 30 விநாடி போச்சு. திறக்கப்படும் கோப்பை வைரஸ் தடுப்பும் எட்டிப் பார்க்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி போட்டால் இது சட்டென்று குறையும், உண்மைதான். ஆனால் தேவையில்லாத வேலை தேவையில்லாத வேலைதான். அதை வேகமாகச் செய்ய வைப்பதற்கா காசு?

இதற்கு விலையில்லா மருந்து ஒன்று இருக்கிறது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் கஸ்டமைஸ். "ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்" என்ற இடத்தில் பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்று ஏதாவது இருந்தால் ஜெனரல் ஐட்டம்ஸ் ஆக்குங்கள். கீழே இருக்கும் பெட்டியில் டிக் போட்டால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேரும். உள்ளே என்ன கோப்புகள் இருக்கின்றன என்று பார்த்து இந்த வகையை விண்டோஸ் தானே ஊகித்து ஒட்டிவிடுகிறது. அப்கிரேடில் பழைய அமைப்புகள் தொலைந்தால் ஊகம் மறுபடி ஆரம்பம். வகையை மாற்றிய பிறகும் "டேட் டேக்கன்" (படம் எடுத்த தேதி) போன்ற பத்திகள் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றையும் எடுத்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேதிவாரியாகக் கூறு பிரிக்கும் ஏற்பாடும் உண்டு; குரூப் பை என்பதில் நன் என்று வைத்துவிடலாம். டவுன்லோட்ஸைக் கொட்டிவைக்கும் பரணாக வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு மாற்றமே போதும் என்பது என் அனுபவம்.

குறிப்பிட்ட ஒன்றிரண்டு ஃபோல்டர் இல்லை, எக்ஸ்ப்ளோரர் ஜன்னலைத் திறந்தாலே திணறுகிறது என்றால் விஷயம் வேறு. தெரிந்தவர் ஒருவரின் லேப்டாப்பில் இதைப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் திறக்கும். திஸ் பிசி-யைத் திறந்தால், டிரைவ்களின் வரிசையில் கடைசியில் ஒரு நெட்வொர்க் டிரைவ், மேலே சிவப்புப் பெருக்கல் குறியோடு. முந்தைய வேலையிடத்தின் சர்வர். அவர் அங்கிருந்து விலகியே வெகுநாள் ஆகிறது. லேப்டாப்போ அந்த சர்வர் பதில் சொல்லும் என்று தினமும் காத்திருந்திருக்கிறது. ரைட் கிளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுத்தோம், அவ்வளவுதான். அதற்கு முன் அவருக்குக் கிடைத்திருந்த ஆலோசனை ராமை இரட்டிப்பாக்குவது!

இதே வகையறாதான் எக்ஸ்ப்ளோரரின் முகப்பில் வரும் சமீபத்திய கோப்புகளின் பட்டியலும். எப்போதோ கழற்றிய பென் டிரைவ், போய்விட்ட நெட்வொர்க் முகவரி என்று எதையாவது அது பிடித்துக்கொண்டிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வரலாற்றைத் துடைத்துவிட்டு, எக்ஸ்ப்ளோரர் திஸ் பிசி-யில் திறக்கும்படி மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும். ரைட் கிளிக் செய்தால் மட்டும் உறைந்துபோகிறது என்றால், மெனுவில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்ட ஏதோ ஒரு வேற்று மென்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிர்சாஃப்ட் தரும் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவியில் மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றை முதலில் முடக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கிப் பாருங்கள். குற்றவாளி தானாகச் சிக்கும்.

2025 நவம்பரில், எக்ஸ்ப்ளோரரைப் பின்னணியில் முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் சோதனைப் பதிப்புகளில் விட்டது. சரி, ஜன்னல் சீக்கிரம் வரும். செத்துப்போன சர்வருக்காகக் காத்திருப்பதை அது எப்படிக் குறைக்கும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளையை மந்திரம் மாதிரி எல்லோரும் ஃபார்வர்டு செய்கிறார்கள். அது சிதைந்த சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும், நல்ல கருவிதான். ஃபோல்டரின் வகையைத் தப்பாக ஊகித்ததையோ போய்விட்ட நெட்வொர்க் டிரைவையோ அது கண்டுகொள்ளாது. விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

கறுப்பு ஜன்னலிலும் பட்டியல் திக்கித் திக்கி வந்தால் டிஸ்க் பக்கம் திரும்ப வேண்டும். முதல் தடவை மட்டும் ஒரு 'கிர்ர்' சத்தத்தோடு தாமதித்து, பிறகு ஒழுங்காக இருந்தால் கவலை வேண்டாம். இரண்டாவது ஹார்ட் டிஸ்க் தூங்கி எழுகிறது. பவர் ஆப்ஷன்ஸில் அது எத்தனை நிமிடத்தில் தூங்கப் போகிறது என்பதை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் திணறினால் விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண் வந்திருக்கிறதா பாருங்கள். 7 என்றால் படிக்க முடியாத இடம் இருக்கிறது. 153 என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப முயல்கிறது. இவை வரிசையாக இருந்தால் அப்கிரேடு மேல் பழி போடாதீர்கள், டிஸ்க் ஏற்கெனவே தளர்ந்திருக்கக்கூடும். வேண்டிய கோப்புகளை முதலில் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் எல்லாம் அதற்குப் பிறகுதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் அந்த வேலையிலேயே அது போய்விடலாம்.

எதுவும் பலிக்கவில்லை, பழையபடியே இருந்திருக்கலாம் என்று தோன்றினால், செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் கோ பேக் இருக்கிறது. அப்கிரேடு செய்த நாளிலிருந்து 10 நாள்தான் அதற்குக் கெடு. அதற்குத் தேவையானதெல்லாம் விண்டோஸ் ஓல்ட் என்ற ஃபோல்டரில்தான் இருக்கிறது, எனவே இடம் அடைக்கிறது என்று முதல் நாளே அதைத் துடைத்துவிட வேண்டாம்.