நாமினி போட்டால் மட்டும் போதாது

உயில் எழுத வக்கீலிடம் போங்கள் என்று உயில் பற்றிய உங்கள் கட்டுரையில் சொன்னது சரிதான். ஆனால் நாமினி, அதாவது நமக்குப் பிறகு பணத்தை வாங்க நாம் பெயர் கொடுத்து வைக்கும் ஆள், அந்த விஷயத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நம் வீடுகளில் குழப்பமே அங்கேதான். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டிய பணம். கம்பெனிப் பங்குகளுக்கும் (ஷேர்) அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது.

இன்னொன்று. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. அந்த அம்மாவும் உயில் எழுதாமல் போய்விட்டால் அவர் பங்கு மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும். எங்கள் தெருவில் ஒரு அக்கா, கணவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டை விற்க கொழுந்தனார், நாத்தனார் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக்கு அலைகிறார். பார்க்கவே வயிறு எரிகிறது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். நல்ல வக்கீல் என்றால் உங்களைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாகக் கேட்பார், பின்னால் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் இருக்க வேண்டுமே! "என் வீடு" என்று மொட்டையாக எழுதாமல் சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் சேர்ப்பார்.

அப்புறம், பிள்ளைகள் அவசரப்படுத்துகிறார்கள் என்று செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை அவர்கள் பெயருக்கு மாற்றும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், செட்டில்மென்டை நினைத்தபடி ரத்து செய்ய முடியாது.