ஜாஸ் சாக்ஸபோன்காரர்களின் பிழைப்பு

ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் பற்றி யார் எழுதினாலும் ஒரு தகவல் தவறாமல் வந்துவிடும். 1955 மார்ச் 12 அன்று நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் அவர் இறந்தபோது, உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆள் என்று நினைத்தாராம், உண்மையில் வயது 34. சரி, உலுக்குகிற தகவல்தான். ஆனால் இதைச் சொன்ன கையோடு 'மேதைகள் இப்படித்தான் எரிந்து முடிவார்கள்' என்று ஒரு பெருமூச்சு விடுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. குடித்தால்தான் கவிதை வரும் என்று நம் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிற கூட்டத்தின் அமெரிக்கக் கிளை இது.

ஜாஸ் சாக்ஸபோன்காரர்களின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இந்தக் கதைகளில் ஹெராயின் போதைக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது அவர்களுடைய பிழைப்புக்குக் கொடுக்க வேண்டும். எங்கே வாசித்தார்கள், யார் கூலி கொடுத்தார்கள், யார் அந்தக் கூலியை நிறுத்தினார்கள் என்று கேட்டால் கதையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

கேபரே கார்டு என்று ஒன்று இருந்தது. 1940லிருந்து 1967 வரை, நியூயார்க் நகரத்தில் மது விற்கிற கிளப்பில் வாசிக்க வேண்டுமென்றால் போலீஸ் கொடுக்கும் இந்த அட்டை கையில் இருக்க வேண்டும். கைரேகை கொடுத்து வாங்கணும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். போதைப்பொருள் வழக்கு என்று ஏதாவது பெயரில் ஏறிவிட்டால் போலீஸே அட்டையைப் பிடுங்கிக்கொள்ளலாம். கச்சேரி அரங்கில் வாசிக்கலாம், ரெக்கார்டிங் செய்யலாம், வெளியூர் போகலாம், கிளப்பில் மட்டும் கூடாது. அரங்குக் கச்சேரி என்றைக்கோ ஒருநாள் வருவது. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை வரை ஓடுகிற கிளப் வேலைதான் இவர்களுக்கு அரிசி பருப்பு. ஆக, போதைப் பழக்கத்தில் சிக்கியவனைத் திருத்த அரசாங்கம் கண்டுபிடித்த வழி, அவனுடைய வேலையைப் பறிப்பது!

பார்க்கரின் அட்டை 1951ல் போனது. 'பர்ட்' (பறவை) என்ற அவருடைய பட்டப்பெயரை வைத்தே பர்ட்லேண்ட் என்று 1949ல் ஒரு பெரிய கிளப்பைத் திறந்திருந்தார்கள், அங்கேயும் அவர் வாசிக்க முடியாது. 1953ல் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தன் தொழிலைச் செய்யும் உரிமை பறிபோய்விட்டது, ஒரு தவறும் செய்யாத மனைவியும் பிள்ளைகளும் தவிக்கிறார்கள் என்று. பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியை உருவாக்கியவர்களில் ஒருவர், ரேஷன் கார்டுக்கு மனு எழுதுகிறவர் மாதிரி எழுதியிருக்கிறார். அதே வருடம் மே மாதம் டொராண்டோவின் மாஸி ஹாலில் பிளாஸ்டிக் ஆல்டோ சாக்ஸபோனில் அவர் வாசித்தது இன்றும் ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அட்டை மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அவர் பதினாறு வயதில் கார் விபத்தில் அடிபட்டு, வலிக்கு மார்ஃபின் எடுத்து, அங்கிருந்து ஹெராயினுக்குப் போனவர். 1946ல் தனக்குப் போதை மருந்து விற்றவனுக்கே ராயல்டியில் பாதியை எழுதிக் கொடுத்தார், அவனுடைய பட்டப்பெயரில் ஒரு மெட்டும் போட்டார். இதற்கெல்லாம் போலீஸைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வாசித்ததைக் கேட்டு, ஹெராயின் போட்டால் நமக்கும் இந்த வேகம் வரும் என்று நம்பி ஊசி எடுத்த இளைஞர்கள் ஒரு தலைமுறை. 'எரிந்த மேதை' கதை ஆள்களைக் கொன்றிருக்கிறது, அதனால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

அந்தத் தலைமுறையில் ஒருவர் சாக்ஸபோன்காரர் சானி ரோலின்ஸ். ஹார்லெமில் 1930ல் பிறந்தவர், இருபது வயதில் ஆயுதத்தோடு கொள்ளையடிக்கப் போய் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் பத்து மாதம் இருந்தவர். 1953 ஜனவரியில் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ரெக்கார்டிங் ஒன்றில் இவரும் பார்க்கரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். 'இப்போது எடுப்பதில்லை' என்று பார்க்கரிடம் பொய் சொல்கிறார். அது பொய் என்று அங்கேயே வேறு யார் மூலமோ தெரிந்து பார்க்கரின் முகம் போன போக்கு தன்னை உலுக்கிவிட்டது என்று ரோலின்ஸ் பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1955ல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த அரசாங்க மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போகிறார். வெளியே வந்து பார்க்கரிடம் நிமிர்ந்து நிற்கணும் என்பது ஆசை. இவர் உள்ளே இருக்கும்போதே பார்க்கர் இறந்துவிட்டார்.

வெளியே வந்தவர் நேராக மேடைக்குப் போகவில்லை. போனால் மறுபடி அதே ஆட்கள், அதே பழக்கம் என்று பயந்து, சிகாகோவில் கட்டடம் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தார். அடுத்த வருடம் ஜூனில் 'சாக்ஸபோன் கொலோசஸ்' இசைத்தட்டு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதற்கு என்னவோ நமக்கு மனம் வருவதில்லை. துடைப்பம் பிடித்த மாதங்களைத் தாண்டிக் குதித்து நேராக இசைத்தட்டுக்குப் போய்விடுகிறோம்.

பாலத்துக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1959ல், பெயரும் பணமும் வந்துகொண்டிருந்த நேரத்தில், என் வாசிப்பு எனக்கே போதவில்லை என்று கிளப்புகளை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதையில் போய் நின்று இரண்டு வருடத்துக்கும் மேலாகச் சாதகம் செய்தார். சில நாள் பதினைந்து மணி நேரம்கூட. இதைத் தவம், ஞானம் என்று வர்ணிப்பார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம்: அடுக்குமாடி வீடு, பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண், சத்தம் போட மனம் வரவில்லை. அந்த இரண்டு வருடமும் வீட்டு வாடகை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? பின்னாளில் அவருடைய மனைவியான லூசில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். எழுபதுகளில் அதே லூசில்தான் அவருடைய மேனேஜர். கணக்கு வழக்கைக் கையில் எடுத்து, கச்சேரிகளைக் குறைத்து, சன்மானத்தை உயர்த்தி, விடியவிடிய வாசிக்கிற கிளப் பிழைப்பிலிருந்து அவரை விடுவித்தார். எண்பது வயது தாண்டியும் ரோலின்ஸ் மேடையில் நின்றதில் பாலத்துக்கு இருக்கிற பங்கைவிட லூசிலின் கணக்கு நோட்டுக்குப் பங்கு அதிகம் என்பது என் கட்சி. அறுபதுகளின் கடைசியில் மறுபடி விலகி, மும்பை பவாயில் ஓர் ஆசிரமத்தில் யோகா படிக்க வந்தாரே, அது தனிக்கதை.

ஜாக்கி மெக்லீன் என்று ஒருவர். ஆல்டோ சாக்ஸபோன்காரர். இவருக்கும் அட்டை போனது. கிளப் இல்லை என்றதும் ரெக்கார்டிங்கில் இறங்கினார், புளூ நோட் கம்பெனியில் அவருடைய இசைத்தட்டுகள் அவ்வளவு குவிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நாடகத்தில் வாசிக்க அட்டை தேவையில்லை என்பதால் 1959ல் ஒரு நாடகத்தில் வாசிக்கவும் நடிக்கவும் சேர்ந்தார். அது எதைப் பற்றிய நாடகம் தெரியுமா, போதை மருந்து விற்பவனுக்காகக் காத்திருக்கிறவர்களைப் பற்றியது! நிஜத்தில் அடிமையாக இருப்பவன் கிளப்பில் வாசிக்கக் கூடாது, மேடையில் அடிமையாக நடித்துக்கொண்டே வாசிக்கலாம். அறுபதுகளின் முடிவில் ஹார்ட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கப் போனார், மனைவி டாலியோடு சேர்ந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு கலைக்கூடமும் தொடங்கினார். 2006ல் இறக்கும்வரை அங்கேதான்.

டெக்ஸ்டர் கார்டன் 1962ல் ஐரோப்பாவுக்குக் கிளம்பி, கோபன்ஹேகனில் வீடு எடுத்துத் தங்கி, 1976ல் நியூயார்க் திரும்பியபோது வரவேற்பு அமர்க்களப்பட்டது. ஆர்னெட் கோல்மன் லாஸ் ஏஞ்சலஸில் லிஃப்ட் இயக்கிய காலத்தில் லிஃப்டை நிறுத்திவைத்து இசைப் புத்தகம் படித்தவர், 2007ல் புலிட்சர் பரிசு வாங்கினார். இவர்கள் யாரும் சுலபமாக வாழ்ந்துவிடவில்லை.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விட, சாக்ஸபோன் வாசித்து மெட்டும் போட்ட ஜிஜி கிரைஸ்தான் முக்கியம், பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். பென்சகோலாவில் 1925ல் பிறந்தவர், பாஸ்டனில் முறையாக இசை படித்தவர். போதைப்பழக்கம் எதுவும் இல்லாத, கூச்ச சுபாவமுள்ள மனிதர். அன்றைக்கு இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரு வேலை செய்துகொண்டிருந்தன: மெட்டுப் போட்டவரிடம் சொற்பத் தொகையைக் கொடுத்து, பதிப்புரிமையைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வது. தட்டு விற்கிற வரைக்கும் வருகிற காசு அவர்களுக்குப் போகும். கிரைஸ் 1955ல் மெலோடோன் என்று தானே ஒரு பதிப்பு நிறுவனம் ஆரம்பித்தார். உங்கள் மெட்டு உங்களுடையது, விட்டுவிடாதீர்கள் என்று மற்ற கறுப்பினக் கலைஞர்களிடமும் சொன்னார். தொழிலில் இருந்தவர்களுக்கு இது பிடிக்குமா? நெருக்கடி கூடிக்கூடி, அறுபதுகளின் தொடக்கத்தில் நிறுவனத்தைக் கலைத்துவிட்டு ஜாஸ் உலகத்தை விட்டே போய்விட்டார். பஷீர் குசிம் என்ற பெயரில் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர் ஆனார். பிராங்ஸில் அவர் பாடம் நடத்திய பள்ளிக்கு இன்று அவர் பெயர். 1983ல் இறந்தார்.

ஊசி இல்லை, சிறை இல்லை, ஹோட்டல் அறை இல்லை. அதனால் கிரைஸை வைத்து யாரும் பெருமூச்சு விடுவதில்லை. காசைக் கேட்டதற்காக ஒரு மனிதன் தொழிலை விட்டுப் போக வேண்டி வந்தது, இது போதைக் கதையைவிடப் பெரிய அவமானம் இல்லையா? உரிமைக் கணக்கு கேட்டால் 'கலைஞனுக்கு ஏன் இந்தப் பேராசை' என்று நம் ஊரிலும் கேட்கிறோமே, அதே வாய்தான்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நமக்கு சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத். அவரோடு 2008ல் 'கின்ஸ்மென்' ஆல்பத்தை வெளியிட்ட அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறைக்குப் பொறுப்பு. மாதாமாதம் சம்பளம் வரும், நினைத்த இசையை வாசிக்கலாம். ஜாஸ் கிளப்பை விட்டு வகுப்பறைக்குப் போனதால் உயிர் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் விடிகாலை நான்கு மணிக்குக் கூலி வாங்கி வீட்டுக்குப் போயிருப்பார்கள் தெரியவில்லை.

கேட்க விரும்புகிறவர்கள் ரோலின்ஸின் 'செயின்ட் தாமஸ்' வைத்து ஆரம்பிக்கலாம், கரீபியன் மெட்டு, முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கிரைஸின் 'மைனாரிட்டி'யைத் தேடுங்கள். 1958ல் பில் எவன்ஸ் பியானோவில் வாசித்ததும் இருக்கிறது, சாக்ஸபோனே இல்லாமல். மெட்டு யாருடையது என்பது அதில் இன்னும் தெளிவாகக் கேட்கும்.