பாதியில படிப்பு மாறலாமான்னு கேட்ட பொண்ணுக்கு

போன வாரம் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இன்பாக்ஸ்ல வந்துச்சு. இசிஇ செகண்ட் இயர். "அண்ணா, நீங்க மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஹிஸ்டரி போனீங்கல்ல, நான் இதை விட்டுட்டு சைக்காலஜி சேரலாமா, வீட்ல சொன்னா அம்மா அழுவாங்க, நீங்க ஒரு வார்த்தை பேசுறீங்களா?"ன்னு. பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போச்சு, சரி இதே கேள்வியோட இன்னும் பத்துப் பேர் இருப்பாங்க இங்கயே போட்டுடுவோம்னு அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

முதல்ல என் கதையில ஒரு திருத்தம். சொந்தக்காரங்க நடுவுல நான் ஏதோ மெக்கானிக்கலை உதறித் தள்ளிட்டு கல்வெட்டு படிக்கக் கிளம்புன வீரன் மாதிரி ஒரு பேச்சு சுத்துது. நான் எதையும் உதறல. உதறப் பார்த்தேன், முடியல, அவ்வளவுதான்.

எங்க ஊரு அரியலூர் பக்கம். சுண்ணாம்புக்கல்லு, சிமெண்ட் ஃபேக்டரி, லாரி. அப்பா சிமெண்ட் லாரி ஓட்டுனாரு. அவருக்குத் தெரிஞ்ச உலகத்துல சட்டையில தூசி படாம சம்பளம் வாங்குற ஆளு யாருன்னா ஃபேக்டரி மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அதனால மெக்கானிக்கல். 2013ல கவுன்சிலிங் ஆன்லைன் எல்லாம் கிடையாது, நேரா கிண்டியில இருக்கிற அண்ணா யுனிவர்சிட்டிக்குப் போகணும். நைட் பஸ்ல போய் இறங்கி, அங்க பெரிய ஸ்க்ரீன்ல எந்தக் காலேஜ்ல எத்தனை சீட் மிச்சம்னு ஓடிட்டே இருக்கும், நானும் அப்பாவும் அண்ணாந்து பார்த்துட்டு நிக்கிறோம், அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, "மெக்கானிக்கல் குறையுதாடா, குறையுதாடா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஏதோ டிக்கெட் தீர்ந்துடப் போற மாதிரி. உள்ள போய் அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணதுதான் என் துறை. இதுல என் விருப்பம் எங்க வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தேடுறேன்.

தேர்ட் செமஸ்டர்ல எம்-த்ரீ, அதாவது மூணாவது மேத்ஸ் பேப்பர். அந்த ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். போச்சு. கூடவே தெர்மோடைனமிக்ஸும் போச்சு. அந்த நேரம் பார்த்து ஃப்ரெண்டு ஒருத்தன் ஞாயித்துக்கிழமை கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனான், அங்க ஒரு பெரியவர் கோயில் சுவத்துல இருக்கிற கல்வெட்டு மேல விரலை வச்சு எழுத்து எழுத்தா வாசிச்சுக் காட்டுனாரு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின வரியை அந்த மனுஷன் பேப்பர் படிக்கிற மாதிரி படிக்கிறாரு. நான் காலி. மறுநாளே டிசி வாங்கிட்டுப் போறேன்னு ஆஃபீஸ்ல போய் நின்னேன். மீதி வருஷ ஃபீஸ் மொத்தத்தையும் கட்டுனாத்தான் டென்த், ட்வெல்த் ஒரிஜினலைத் தருவோம்னாங்க. (ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை காலேஜ் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018ல தெளிவா உத்தரவு போட்டாங்க. நான் 2017லயே முடிச்சுட்டேன். நம்ம டைமிங் அப்படி.)

அதனால இருந்தேன். எம்-த்ரீய அஞ்சாவது அட்டெம்ப்ட்ல க்ளியர் பண்ணேன். பாஸானதும் சந்தோஷம் வரல, ஒரு மாதிரி வெறுமையா இருந்துச்சு. அப்புறம் எம்.ஏ. ஹிஸ்டரி, கவர்மெண்ட் காலேஜ்ல. எந்த டிகிரியா இருந்தாலும் பரவால்லன்னு சேர்த்துக்கிட்டாங்க.

இப்ப உனக்கு, பாப்பா. நான் இவ்வளவு சொன்னதும் நீ கேக்கப் போறது "அப்ப அந்த எழுத்து மேல உங்களுக்கு அவ்வளவு ஆசை இருந்துச்சா?"ன்னுதான். இருந்துச்சு. ஆனா அதுல பாதி எம்-த்ரீ மேல இருந்த பயம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க அன்னைக்கு எனக்குத் தெரியல. எப்பத் தெரிஞ்சுதுன்னா, எம்.ஏ. முதல் வருஷம் ஒரு இடிஞ்ச கோயில்ல மைப்படி எடுக்க, அதாவது கல்வெட்டை மையால பேப்பர்ல நகல் எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்க. கல்லை பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும், பேப்பரை நனைச்சு ஒட்டணும், எழுத்துக் குழிக்குள்ள பேப்பர் இறங்குற வரைக்கும் பிரஷால தட்டணும் தட்டணும் தட்டிக்கிட்டே இருக்கணும், அப்புறம் துணிப்பந்துல மையைத் தொட்டு மேல ஒத்தி எடுக்கணும். சித்திரை வெயில்ல அடித்தளத்தோட ஓரமா குத்துக்கால் போட்டு உக்காந்து ஒரு நாள் முழுக்க. பேப்பர் காத்துல கிழிஞ்சா முதல்ல இருந்து. அதுவாச்சும் பரவால்ல. எடுத்ததை ரூமுக்குக் கொண்டு வந்து படிச்சா, ஸ்வஸ்திஸ்ரீக்கு அப்புறம் ராஜா பேரு ஒரு நாலு வரி, பிறகு பூராவும் நிலக்கணக்கு! வேலி, மா, காணி, முந்திரி. வேலிதான் பெரிய நில அளவு, அதுல மான்னா இருபதுல ஒரு பங்கு, காணின்னா எண்பதுல ஒரு பங்கு, முந்திரின்னா 320ல ஒரு பங்கு. அதுக்கும் கீழ ஒரு முந்திரி இருக்கு, கீழ்முந்திரி, அது முந்திரியோட 320ல ஒரு பங்கு. இது போதாதுன்னு மெய்யெழுத்துக்குப் புள்ளி வச்சிருக்க மாட்டாங்க, துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், எது எண்ணு எது எழுத்துன்னே பிடிபடாது. கணக்கு வேணாம்னு ஓடி வந்தவன் முன்னாடி சோழர் காலத்துக் கணக்கப்பிள்ளை உக்காந்துட்டு இருக்காரு. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல படுத்துட்டு சிரிச்சேன், நிஜமாவே சிரிச்சேன். ஆனா மறுநாள் காலையில அந்தக் காணிக்கணக்கைத் திரும்ப எடுத்துப் போட்டேன் பாரு, எம்-த்ரீக்கு அப்படி ஒரு நாள் கூட நானா எடுத்ததில்ல.

உன்கிட்ட நான் கேக்குறது இதைத்தான். சைக்காலஜின்னா உன் மனசுல ரெண்டு பேர் உக்காந்து பேசுற ரூம் ஓடுது. அங்கயும் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் இருக்கு. சராசரி, விலகல், எந்த வித்தியாசம் தற்செயலா வந்தது, எது இல்லன்னு கணக்குப் போட்டே ஆகணும். சீனியர் யாருகிட்டயாச்சும் அந்த ஒரு புக்கை வாங்கி ஒரு வாரம் வச்சிரு. அந்தப் படிப்போட சுவாரஸ்யமான புக்கு வேணாம், அது யாருக்குமே பிடிக்கும்.

அடுத்தது, இதை யாரும் சொல்ல மாட்டாங்க, எனக்கும் சொல்லல. எம்.ஏ. முடிச்சுட்டு கவர்மெண்ட் ஸ்கூல்ல பிஜி அசிஸ்டெண்ட், அதான் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வாத்தியார், ஆகலாம்னு கனவோட இருந்தேன். ஆசிரியர் தேர்வு வாரியம், டிஆர்பி, நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. தகுதின்னு ஒரு வரி. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா இருக்கணும். நான் பி.இ., எம்.ஏ. நம்மாளுங்க பாஷையில க்ராஸ் மேஜர். முடிஞ்சுது. அந்த வரியை செல்லுல பெருசாக்கிப் பெருசாக்கி எத்தனை தடவை படிச்சிருப்பேன், பெருசாக்குனா மாறிடுமா என்ன. திரும்பப் போய் மூணு வருஷம் பி.ஏ. படிக்கத் தெம்பு இல்ல, காலேஜ் வாத்தியார் வேலைக்கான நெட் எக்ஸாம் எழுதுனேன், அதுக்கு எம்.ஏ. மட்டும் இருந்தாப் போதும், பொதுப் பிரிவுக்கு 55 சதவீதம், இடஒதுக்கீட்டுல வர்ற எங்களுக்கு 50. ரெண்டாவது தடவை பாஸ். இப்ப ஒரு தனியார் காலேஜ்ல வேலை. சம்பளம் 18,000.

அதனாலதான் சொல்றேன், நம்ம நாட்டுல படிப்பு மாறுறது மனசு சம்பந்தப்பட்ட விஷயம்னு பேசுறவங்களை நம்பாதே. அது அந்தத் தகுதி வரி சம்பந்தப்பட்ட விஷயம். 2020ல பாரு, மத்தியத் தொல்லியல் துறை ஒரு முதுநிலை டிப்ளமாவுக்கு அறிவிப்பு போட்டாங்க, தகுதியில செம்மொழின்னு சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம்னு போட்டு தமிழை விட்டுட்டாங்க. எல்லாரும் சத்தம் போட்ட பிறகுதான் சேர்த்தாங்க. அதுல கோபப்பட்ட எத்தனையோ பேருக்கு அது தன்மானப் பிரச்சனை. எனக்கும்தான். ஆனா தமிழ் எம்.ஏ. கையில வச்சுக்கிட்டு ஃபார்மை ஓப்பன் பண்ணி வச்சிருந்த பையனுக்கு அது அந்த ஒரு வரி.

சைக்காலஜிலயும் அப்படி ஒரு வரி இருக்கு. எம்.ஏ. சைக்காலஜி படிச்ச உடனே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு வைக்க முடியாது. ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அங்கீகரிச்ச படிப்பு படிச்சு அங்க பதிவு பண்ணணும். நீ நினைக்கிற ரூம் அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு. எத்தனை வருஷம், எத்தனை சீட்டுன்னு இப்பவே விசாரி.

வெங்கி ராமகிருஷ்ணனை எல்லாரும் உதாரணம் சொல்லுவாங்க. சிதம்பரத்துல பிறந்தவரு, ஃபிசிக்ஸ்ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு அதை விட்டுட்டு பயாலஜிக்குப் போனாரு, 2009ல கெமிஸ்ட்ரிக்கு நோபல், பாத்தியா பாத்தியான்னு. பாத்தேன். 1976ல பிஎச்டி கையில இருக்கு, கல்யாணம் ஆகிடுச்சு, குடும்பம் இருக்கு, அந்த மனுஷன் கலிஃபோர்னியாவுல திரும்ப ஸ்டூடண்டா ரெண்டு வருஷம் க்ளாஸ்ல உக்காந்தாரு. எனக்கு அதுல நோபலை விட அந்த ரெண்டு வருஷம்தான் பெருசாத் தெரியுது. அப்புறம் இன்னொண்ணு, கையில ஒரு டிகிரியை முடிச்சு வச்சுக்கிட்டுத்தான் மாறினாரு.

வேடிக்கை என்னன்னா எங்க க்ளாஸ்ல 60 பேரு. பாதிக்கு மேல இன்னைக்கு ஐடியில இருக்காங்க. ஒருத்தன் டெஸ்டிங், ஒருத்தன் சப்போர்ட், டிசைன் டேட்டா புக்கை கடைசிப் பரீட்சையன்னைக்கே பழைய பேப்பர் கடையில போட்டுட்டுப் போனவனுங்க. அவங்க துறை மாறுனாங்கன்னு ஒரு அத்தையும் சொன்னதில்ல. "கேம்பஸ்ல செலக்ட் ஆகிட்டான்"ன்னு சொன்னாங்க. சம்பளம் ஏறுற பக்கம் மாறுனா அது முன்னேற்றம், இறங்குற பக்கம் மாறுனா புத்தி கெட்டுப் போச்சு. உங்க அம்மா அழுறதும் சைக்காலஜிக்காக இல்ல, அதைப் புரிஞ்சுக்கிட்டுப் பேசு.

எங்க வீட்டுலயும் ஒரு கணக்கு பாக்கி இருக்கு. முதல் பட்டதாரி ஃபீஸ் சலுகை அப்ப வருஷத்துக்கு 20,000, அது வீட்டுல ஒருத்தருக்குத்தான். நான் வாங்கிட்டேன். தங்கச்சிக்கு இன்ஜினியரிங் ஆசை இருந்துச்சு, அந்த 20,000 இல்லாம அப்பாவால முடியல, அவ பி.எஸ்சி. மேத்ஸ் போயிட்டா. நான் ஹிஸ்டரி சேர்ந்தன்னைக்கு அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, "அப்ப அந்தக் காசை எனக்கு விட்டிருக்கலாம்லடா?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. இன்னும் தீபாவளிக்குத் தீபாவளி கேக்குறா.

அதனால நீ ஃபர்ஸ்ட் இயரா இருந்திருந்தா கிளம்புன்னுதான் சொல்லியிருப்பேன், அப்ப போறது ஒரு வருஷம்தான். தேர்ட் இயர்னா மூச்சு விடாம முடின்னு சொல்லியிருப்பேன். நீ சரியா நடுவுல நிக்கிற, அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. ஆனா எனக்கு இல்லாத ரெண்டு வசதி உனக்கு இருக்கு. 2022ல இருந்து ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு யுஜிசி சொல்லியிருக்கு, ஆனா தொலைதூரமா சைக்காலஜி சேர்க்குறதை 2025ல யுஜிசியே நிறுத்திடுச்சு, அதனால பி.இ. படிச்சுக்கிட்டே க்ளாஸ் நேரம் மோதாம நேரா போய்ப் படிக்கிற சைக்காலஜி கிடைக்குமான்னு பாரு, உங்க யுனிவர்சிட்டி ஏத்துக்குமான்னு மட்டும் முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்க, வாய்ப்பேச்சை நம்பாதே. அப்புறம் 2021ல இருந்து ஐஐடி மாதிரி இடங்கள்ல மேல்படிப்புக்கு எழுதுற கேட் (GATE) எக்ஸாம்லயே ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல்னு ஒரு பேப்பர் வந்திருக்கு, அதுல சைக்காலஜி ஒரு பிரிவு. பி.இ. காரங்க எழுதலாம், தேர்ட் இயர்லயே எழுதலாம். ஹிஸ்டரி அதுல கிடையாது, கேக்காதீங்க.

அம்மாகிட்ட நான் பேசுறேன். ஆனா நீ அந்த ஸ்டாடிஸ்டிக்ஸ் புக்கை ஒரு வாரம் பார்த்த பிறகுதான் பேசுவேன், இப்ப இல்ல.

இன்ஜினியரிங் படிச்சுட்டு சைக்காலஜி பக்கம் போனவங்க, அதுலயும் முக்கியமா போயிட்டு நொந்து திரும்பி வந்தவங்க, யாராச்சும் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருந்தா இன்பாக்ஸ் வாங்க. ஜெயிச்சவங்க நம்பர் அவகிட்ட நிறைய இருக்காம்.