பட்டாளத்து மாமாவின் பாரா டூட்டி

“மிலிட்டரியிலிருந்து வந்த போலீஸ்காரன்னா அடி பின்னிருவான்” என்று மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடையில் ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் எரிச்சல். அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருஷம் இருந்தவர். வெலிங்டனில் பயிற்சி, அப்புறம் காஷ்மீர், அஸ்ஸாம், ராஜஸ்தான். பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை ஹவில்தாராக நடத்திவிட்டு ஊர் திரும்பினார். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, வயதிலும் தளர்வு உண்டு. எழுதினார், கிடைத்தது. சேரும்போது வயது 38. பயிற்சியில் பக்கத்துக் கட்டில்காரனுக்கு 21. அவனும் ‘மாமா’ என்றே கூப்பிட்டானாம்.

ஸ்டேஷனுக்கு வந்த முதல் மாதம்தான் ஆள் திணறினார். ஒரு சக்கைத் தகராறு, அதாவது பலாப்பழத் தகராறு. மரம் இந்தப் பக்கம், கிளை மதிலுக்கு அந்தப் பக்கம். “எனக்க பிலாவாக்கும் சாரே, வேரு எனக்க மண்ணுலயாக்கும்” என்று கிழவி கத்த, மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தம்பி மனைவி அதைவிடச் சத்தமாகக் கத்த, மாமா பட்டாளத்துக் குரலில் ஒரு அதட்டு அதட்டியிருக்கிறார். கிழவி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “நீ இன்னாருக்க மகன்தானே? ஒனக்க அம்மை எனக்க கூட அண்டி ஆபீசுல (முந்திரி ஆலை) வேலை செய்தவளாக்கும். என்கிட்டயா சத்தம் போடுக?” என்றாளாம். அத்தோடு அதிகாரம் போச்சு. மறுநாள் சாயங்காலம் மஃப்டியில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, பிரச்சினை சக்கையே இல்லை. கிழவி காலங்காலமாக நடந்துபோன பின்வாசல் கேட்டைத் தம்பி மனைவி பூட்டிவிட்டாள். பூட்டைத் திறக்க மூன்று கிளாஸ் கட்டன்சாயா ஆனது.

“பட்டாளத்துல எதிரி எந்தப் பக்கம் நிக்கான்னு தெரியும் மக்கா. இங்க ரெண்டு பக்கமும் நம்ம ஆளு” என்பார். டீக்கடைக்காரர் சொல்லும் ‘அடி’ அவருக்குத் தெரியாததல்ல. ஊரில் அது பலிக்காது என்று அவருக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். தக்கலை பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. டிலனாய் என்பவருடையது. டச்சுக் கம்பெனிப் படையில் இருந்தவர். 1741 குளச்சல் போரில் நம்மை எதிர்த்து வந்து பிடிபட்டவர். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவரிடமே படைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார். கடைசியில் அவர் ‘வலிய கப்பித்தான்’ ஆனார், படைக்கே தலைவர். தோற்றுப்போன எதிரியின் அனுபவத்தைக்கூட வீணாக்காத மண் இது. நாம் என்ன செய்கிறோம்? 17 வருஷம் நாட்டுக்காக நின்றவரைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொல்கிறோம். மாமா சேர்ந்தபோது இருந்த கணக்குப்படி, சிறப்பு உதவி ஆய்வாளர் ஆக மொத்தம் 25 வருஷ சர்வீஸ் வேண்டும். 38-இல் சேர்ந்தவருக்கு அப்போது 63 வயது ஆகியிருக்கும். ஓய்வோ 60-இல். ஏட்டு, அவ்வளவுதான்.

“பென்ஷனும் வருது, சம்பளமும் வருது, இன்னும் என்ன வேணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், இரண்டும் வருகிறது, மறுக்கவில்லை. நான் கேட்பது பணம் அல்ல. பழைய சர்வீஸில் பாதியையாவது பதவி உயர்வுக்குச் சேர்த்துக்கொள்ளலாமே என்கிறேன். அது முடியாதென்றால், அவருக்குத் தெரிந்ததற்கு ஏற்ற வேலையாவது கொடுக்கலாம்.

2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை செக்போஸ்ட்டில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். மாமாவுக்கு அன்றைக்கு வேறொரு செக்போஸ்ட்டில் நைட் டூட்டி. செய்தி வந்ததும் அத்தை போன் மேல் போன். “அவரு காஷ்மீர்ல இருந்தப்பக்கூட நான் இப்பிடி விறைக்கல்ல” என்று பிறகு சொன்னாள். மறுநாளும் அதே டூட்டிதான். வேறென்ன?

சரி, தெரிந்ததற்கு ஏற்ற வேலை என்றேனே, அதற்கு ஒன்று சொல்கிறேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். ஒருநாள் மாமா துப்பாக்கியோடு வாசலில் பாரா நிற்கிறார். ஒடிசாவிலிருந்து சூளை வேலைக்கு வந்த ஒரு பையன் கேட் பக்கம் வருவதும் திரும்பிப்போவதுமாக இருந்திருக்கிறான். முந்தைய நாளும் வந்தானாம், அவன் பேசியது யாருக்கும் புரியவில்லையாம், போகச் சொல்லிவிட்டார்கள். பாரா நிற்பவர் இடத்தைவிட்டு அசையக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே மாமா இந்தியில், “என்ன தம்பி, சாப்பிட்டியா?” என்று கேட்டிருக்கிறார். பையன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். மூன்று மாதக் கூலி பாக்கி, ஆதார் கார்டும் முதலாளி கையில்.

உள்ளேயிருந்து ரைட்டர், “ஏய் மிலிட்டரி, பாராவுல நின்னுட்டு யாருகூட பேச்சு?” என்று சத்தம் போட்டிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அவரே ஒரு நாற்காலியும் பேப்பரும் கொண்டுவந்து வாசலில் போட்டார். பையன் சொல்லச் சொல்ல மாமா தமிழில் சொன்னார், ரைட்டர் எழுதினார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கைக்கு வந்ததும் அதையும் வரிவரியாக இந்தியில் படித்துக் காட்டினார். பையன் ரசீதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். டூட்டி முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, மாமா அங்கேயே நின்றார்.