'மனதில்லாதிருந்தால்' என்ற அந்த ஒரு சொல்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை மறுபடி மறுபடி குரூப்பில் போட்டு, கீழே 'சரியான சாட்டையடி', 'சத்தியம் கசக்கத்தான் செய்யும்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் பார்க்க வேண்டாம். தலை குனிந்து உட்கார்ந்த அந்தச் சகோதரரை இன்னும் பத்துப் பேர் பார்க்க வேண்டியதில்லை.

அவர் கேட்டது ஜெபம். பணம் கேட்கவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. எட்டு மாதமாக வேலை இல்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான். அதற்கு மைக்கில் வந்த பதில்: "வேலை செய்யாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு வேதமே சொல்லுது பிரதர்." கூட்டத்தில் சிரிப்பு.

வேதம் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான், இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். வேதம் அப்படிச் சொல்லவில்லை.

பவுல் அப்போஸ்தலன் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." மனதில்லாதிருந்தால்! அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வசனமே வேறு வசனமாகிவிடுகிறது. கிரேக்க மூலத்திலும் 'வேலை செய்ய விரும்பாவிட்டால்' என்ற பொருளில்தான் இருக்கிறது. வேலை கிடைக்காதவனைப் பற்றி அங்கே ஒரு எழுத்துகூட இல்லை. வேலை போனவன், உடம்புக்கு முடியாதவன், ஐம்பது விண்ணப்பம் போட்டு ஐம்பதும் திரும்பி வந்தவன், இவர்களில் யாரும் அந்த வசனத்துக்குள் இல்லை. இருக்கிறவன் ஒருவன்தான்: முடியும், கிடைக்கும், ஆனால் மாட்டேன் என்கிறவன்.

அந்தச் சொல்லை வெட்டிவிட்டு இதைப் பயன்படுத்தியவர்கள் முன்னாலும் இருந்திருக்கிறார்கள். 1936-இல் சோவியத் ஒன்றியம் கொண்டுவந்த அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் 'வேலை செய்யாதவன் உண்பதில்லை' என்று கொள்கையாகவே எழுதி வைத்தார்கள். கடவுளே இல்லை என்று சொன்ன ஆட்சி அது. அவர்கள் 'மனது' என்பதை விட்டுவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. முழங்காலில் நின்று வேதம் வாசிக்கிற நாமும் அதே இடத்தில் வெட்டினோமே, அதுதான் தாங்கவில்லை.

சரி, வசனத்தின் முன்னும் பின்னும் பார்ப்போம். எட்டாம் வசனத்தில் பவுல் யாரைப் பற்றிப் பேசுகிறார்? தன்னைப் பற்றி. ஒருவனுக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலை செய்து சாப்பிட்டோம் என்கிறார். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கிக் கூடாரம் பண்ணின கை அது. அந்தக் கையை முதலில் காட்டிவிட்டுத்தான் பத்தாம் வசனத்துக்கு வருகிறார். பதினோராம் வசனத்தில் யாருக்குச் சொல்கிறார் என்பதும் தெளிவாக இருக்கிறது: வேலை எதுவும் செய்யாமல், வீண் அலுவற்காரராய், ஒழுங்கற்றுத் திரிகிற சிலருக்கு. சும்மா இருப்பது மட்டுமல்ல, ஊர்வம்பில் தலையிட்டுக்கொண்டு திரிகிறவர்களுக்கு.

அப்புறம் பதின்மூன்றாம் வசனம். இதை அந்த மைக்கில் யாரும் வாசிக்கவில்லை. "சகோதரரே, நீங்கள் நன்மைசெய்வதிலே சோர்ந்துபோகாமலிருங்கள்." அந்தக் கட்டளைக்கு மூன்றே வசனம் தள்ளி! சோம்பேறிகளைக் கண்டித்த கையோடு, இதைச் சாக்காக வைத்து உதவி செய்வதை நிறுத்திவிடாதீர்கள் என்று பவுல் தடுப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. பதினைந்தாம் வசனத்தில் இன்னும் ஒரு படி போகிறார். சொல்லைக் கேட்காதவனைக்கூடச் சத்துருவாக எண்ணாதீர்கள், சகோதரனாக எண்ணிப் புத்தி சொல்லுங்கள் என்கிறார். உண்மையாகவே சோம்பேறியாக இருப்பவனுக்கே இவ்வளவு மரியாதை. நாம் ஜெபம் கேட்டவனைப் பார்த்துச் சிரித்தோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை இல்லை. அந்த ஒரு வருஷமும் அப்பா தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டார். கழுத்துப்பட்டியை முதலில், பிறகு கை, கடைசியாக முன்பக்கம். பொத்தான்களுக்கு நடுவில் இஸ்திரிப் பெட்டியின் நுனியை விட்டு மெதுவாக இழுப்பார். எட்டரை மணிக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எல்லா நாளும் போவதற்கு இடம் இருந்திருக்காது என்பது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா போகிறார், வேலை தேடுகிறார், அவ்வளவுதான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் சபையில் பொறுப்பில் இருந்த ஒருவர் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். ஜெபித்தார். போகும்போது வாசலில் நின்று இதே வசனத்தைச் சொன்னார். இதே மாதிரி, 'மனது' இல்லாமல். அப்பா "ஸ்தோத்திரம் ஐயா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். மறுநாளும் பசியில்லை. மூன்றாவது நாள் அம்மா தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றார்கள். அப்பா தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு வேதத்தை எடுத்துவரச் சொன்னார். அவருடைய கண்ணாடி உடைந்து சில வாரம் ஆகியிருந்தது. புதிது வாங்கவில்லை. "தெசலோனிக்கேயர் ரெண்டாம் நிருபம், மூணு, பத்து. வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொரு தடவை வாசி." வாசித்தேன். "மனதில்லாதிருந்தால்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். சரி, போய்ப் படி என்றார். நான் அறைக்குள் போகும்போது தட்டில் கை வைத்தார்.

வேதத்தை அப்படியே நம்புகிற மனுஷன் அவர். சாப்பிடவுங்கூடாது என்று சொன்னால் சாப்பிடாமல் இருந்துவிடுவார். அப்படிப்பட்டவர்கள் நம் சபைகளில் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். வசனத்தை மைக்கில் வீசுகிறவர்களுக்கு அது ஒரு பேச்சு, அந்த நாற்காலியில் இருப்பவனுக்கு அது கர்த்தருடைய வாய்.

இனி நீங்கள் என்னென்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

'சோம்பேறிகளே இல்லையா?' இருக்கிறார்கள். நீதிமொழிகள் எறும்பினிடத்தில் போகச் சொல்வது அவர்களைத்தான். அந்தப் புத்திமதி அவர்களுக்கு வேண்டும். ஆனால் எட்டு மாதம் வேலை இல்லை என்று ஒருவர் சொன்ன அடுத்த நிமிஷமே அவர் எந்த வகை என்று எப்படித் தீர்மானித்தீர்கள்? ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?

'அது சும்மா விளையாட்டாகச் சொன்னது.' அவர் சிரித்தாரா?

'சபை விஷயத்தை முகநூலில் எழுதலாமா? மத்தேயு 18-இன்படி தனியாகப் போய்ப் பேசியிருக்கலாமே?' இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோவைத் தனியாகவா அனுப்பினீர்கள்? நூற்றுக்கணக்கான பேர் பார்க்கும்படி ஒருவரை அவமானப்படுத்திவிட்டு, அதைக் கேட்கிறவன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டுமா? நான் யார் பெயரையும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

அடுத்தது, ஊழியரைக் கேள்வி கேட்டால் எப்போதும் வருவது: 'அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே.' நேற்று இரண்டு பேர் இன்பாக்ஸில் அனுப்பிவிட்டார்கள். அன்பானவர்களே, சங்கீதம் 105:15 அது. அதற்கு முந்தைய மூன்று வசனங்களையும் வாசித்தீர்களா? அங்கே 'நான் அபிஷேகம்பண்ணினவர்கள்' என்று கர்த்தர் சொல்வது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி. அவர்களை அந்தச் சங்கீதம் எப்படி விவரிக்கிறது? கொஞ்சத் தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்கள், பரதேசிகள், ஒரு ஜாதியைவிட்டு மறு ஜாதியாரிடத்துக்கும், ஒரு ராஜ்யத்தைவிட்டு மறு தேசத்தாரிடத்துக்கும் போனவர்கள். அவர்களைத் தொடாதே என்று கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? ராஜாக்களை. கையில் அதிகாரம் இருந்தவர்களிடம், கையில் ஒன்றும் இல்லாதவர்களைக் காட்டித் தொடாதே என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் ராஜா யார், பரதேசி யார்? மைக் யார் கையில் இருந்தது? நீங்களே சொல்லுங்கள். எனக்கு அனுப்பின வசனத்தை நீங்கள் வேறொரு இடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

பாருங்கள், இதிலும் அதேதான் நடக்கிறது. முன்னும் பின்னும் விட்டுவிட்டு நடுவில் ஒரு வரி. சோதனைக்காரனாகிய பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் சங்கீதம் 91-ஐச் சொன்னபோதும் இப்படித்தான். 'உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி' என்று சங்கீதத்தில் இருக்கிறது. மத்தேயு 4:6-இல் அவன் சொல்வதில் 'உன் வழிகளிலெல்லாம்' இல்லை. நான் யாரையும் அவனோடு ஒப்பிடவில்லை, அப்படித் திரித்து ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். வசனம் சரியாக மனப்பாடமாக இருப்பது போதாது என்றுதான் சொல்கிறேன்.

தினசரி வாழ்க்கைக்கு வேதத்தில் பாடம் எடுப்பது என்றால் என்ன? வாரம் முழுக்க அதைத்தான் கேட்கிறோம்: 'இந்தப் பகுதியிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம்.' அந்தப் பாடம் ஏன் எப்போதும் பக்கத்து நாற்காலிக்காரனுக்கே போகிறது? தெசலோனிக்கேயர் நிருபத்தை எனக்கென்று வாசித்தால், என் கை யாருக்கும் பாரமாக இருக்கிறதா என்று நான் என்னைக் கேட்க வேண்டும். அடுத்து, நன்மை செய்வதில் நான் எங்கே சோர்ந்துபோனேன் என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கின்றன.

வேலை இல்லாதவர்களுக்கு வேதத்தில் பகுதி வேண்டுமென்றால் மத்தேயு 20 இருக்கிறதே. இயேசு தாமே சொன்ன உவமை. பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, வீட்டெஜமான் சிலர் நிற்பதைப் பார்த்து, பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன என்று கேட்கிறான். அவர்கள் சொல்லும் பதிலைக் கவனியுங்கள்: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." இவ்வளவுதான். அதற்கு அவன் எறும்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினானா? காலையிலேயே வந்திருக்க வேண்டாமா என்று மடக்கினானா? நீங்களும் திராட்சத்தோட்டத்துக்குப் போங்கள் என்றான். நம்பினான். அந்த ஒரே நாளில் அவன் ஐந்து தடவை வெளியே வந்திருக்கிறான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வேலைக்காரனைத் தேடி எஜமான் ஐந்து தடவை. சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே கூலி. அதற்கு முறுமுறுத்தவர்கள் யார் என்றால், காலையிலேயே வேலை கிடைத்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களும் காலையிலேயே வேலை கிடைத்தவர்கள்தான். நானும் அவர்களில் ஒருவன். நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. மூன்றாவது வரிசையில், மடியில் வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த வசனம் தெரியும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தெரியும். 'ஐயா, அதில் மனதில்லாதிருந்தால் என்று இருக்கிறது' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரோடும் எழுந்து நின்றேன். இந்த மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாதது அந்த மைக் மட்டும் அல்ல.

'சகோதரா, வசனத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, அவருக்கு என்ன செய்தீர்கள்?' என்று ஒரு அக்கா கேட்டார்கள். கோபம் வந்தது. பிறகு யாக்கோபு 2 ஞாபகம் வந்தது. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனிடம் சமாதானத்தோடே போங்கள் என்று சொல்லிவிட்டு, வேண்டியதைக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன? நீளமாகப் பதிவு போடுவதும் அதில் சேர்த்திதான். அக்கா கேட்டது சரி.

அண்ணா, நீங்கள் இந்தப் பக்கம் பார்ப்பீர்களா என்று தெரியாது. நேற்றே உங்களுக்கு இரண்டு தடவை போன் பண்ணினேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காததற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. சனிக்கிழமை காலை நான் வீட்டுக்கு வருகிறேன். வசனம் பேச வரவில்லை. உங்கள் சர்டிபிகேட்டுகளையும் பழைய பயோடேட்டாவையும் எடுத்து வைத்திருங்கள், லேப்டாப் நான் கொண்டுவருகிறேன், உட்கார்ந்து புதிதாக எழுதுவோம். எனக்குத் தெரிந்த மூன்று இடங்களில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறேன். ஒருவர் மட்டும், முதலில் பயோடேட்டாவை அனுப்பச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்.