வுஜால் வுஜாலில் "தேர்தல் கிடையாது" என்பது தவறு

ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர்களில் தேர்தலே நடப்பதில்லை, குலத் தலைவர் வைத்ததுதான் சட்டம், மற்றவர்கள் அங்கே வாக்களிக்க முடியாது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடபகுதியில் புளூம்ஃபீல்ட் ஆற்றங்கரையில் இருக்கும் வுஜால் வுஜாலையே எடுத்துக்கொள்வோம். குக்கு யலஞ்சி என்ற பழங்குடி மக்களின் ஊர். மொத்தமே 300 பேர் அளவில்தான். ஆனாலும் அதற்கென்று தனி உள்ளாட்சி மன்றம் உண்டு. ஒரு மேயர், நான்கு உறுப்பினர்கள். மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனின் மாநகராட்சிக்குத் தேர்தல் நடத்தும் அதே மாநிலத் தேர்தல் ஆணையம்தான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இங்கும் நடத்துகிறது. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பழங்குடியினரோ இல்லையோ, வாக்களிக்கலாம். சொல்லப்போனால், வாக்களிப்பது கட்டாயம்.

வேறுபாடு நிலத்தில்தான் இருக்கிறது. நிலம் சமூகத்தின் பெயரில் அறக்கட்டளையாக உள்ளது. மன்றம் அதன் அறங்காவலர். மற்ற ஊர்களைப் போல மனைமனையாகச் சொத்துவரி வசூலிக்க வழியில்லாததால், மன்றம் பெரும்பாலும் அரசு மானியத்தையே நம்பி இருக்கிறது.

அப்புறம், அந்த வாட்ஸ்அப் செய்தியில் வுஜால் வுஜாலைப் பற்றி வரும் "வெள்ளத்தில் ஊரே காலியாகிவிட்டது, மன்றமும் போய்விட்டது" என்ற பின்குறிப்பு. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் மழையில் ஊர் மூழ்கி, மக்களை ஹெலிகாப்டரில் குக்டவுன் நகருக்குக் கொண்டுபோனது உண்மை. அந்த வேதனையை வதந்திக்குத் தீனியாக்குவது மனதை வருத்துகிறது. மன்றம் கலைக்கப்படவில்லை, 2024 மார்ச்சில் மாநிலம் முழுவதும் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வுஜால் வுஜாலும் இருந்தது.