வள்ளி கும்மியில் பெண்கள் எப்போது சேர்ந்தார்கள்?

வள்ளி கும்மியில் ஆணும் பெண்ணும் ஒரே வட்டத்தில் சேர்ந்து ஆடுவது கொங்கு நாட்டில் காலங்காலமாக இருந்த வழக்கம் என்று ஒரு நண்பர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். அதைப் பலரும் பகிர்ந்தும் விட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் விஷயம் அப்படி இல்லைங்க.

பெண்கள் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிப்பது பழைய வழக்கம். அது வேறு. வள்ளி கும்மி, அதாவது முருகன் வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மி, பெரும்பாலும் ஆண்கள் ஆட்டமாகத்தான் இருந்தது. பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கோவையைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயா. 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நீங்களே சரிபார்க்கலாம். அந்த ஆண்டு பத்ம விருதுகளை அறிவித்தபோது மத்திய அரசு வெளியிட்ட குறிப்பில் அவர் பெயரைத் தேடுங்கள். ஆண்களே அதிகம் ஆடிவந்த கலையில் மரபை மாற்றிப் பெண்களைப் பயிற்றுவித்தார் என்றே இருக்கும். அப்புறம் வீட்டில் அம்மாயி இருந்தால், "சின்ன வயசுல நீங்க வள்ளி கும்மி ஆடுனீங்களா, நின்னு பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

இன்று கோயில் திடலில் சலங்கை கட்டி, ஒரே நிறச் சேலையில் அத்தனை பெண்கள் அடி பிசகாமல் சுற்றி வருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்காக ஒருவர் பாடுபட்டிருக்கிறார். எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று எழுதினால் அந்த உழைப்பு மறைந்துவிடுகிறது. பதிவில் அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.